ஒரு வாய் பன்னீர் சோடா

தாராளமாகக் குடியுங்கள் சார். நான் பாட்டிலைத்தான் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை. தொழில் பழக்கம். பஸ்ஸில் எவர் கையில் பாட்டில் இருந்தாலும் என் கண் அங்கேதான் போகும்.

எனக்கா? வேண்டாம், வேண்டாம். கேட்டதே போதும். எனக்கு வயிற்றில் புண். அல்சர். காஸ் உள்ளது எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்ன பிறகு மீறலாமா? நீங்களும் ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிட்டீர்கள் பாருங்கள், அதுதான் படித்தவர்களுக்கு அழகு.

என் பெயர் தங்கமாரியப்பன். கோவில்பட்டியில் கலர்க் கம்பெனி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சோடா, பன்னீர், ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் கலர் என்றுதான் பெயர். வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் கலர். அதற்குப் பிறகுதான் வந்த விஷயம் என்ன என்று கேட்பது. அப்பா ஆரம்பித்த கம்பெனி. நான் போடுகிற பன்னீர் சோடாவைக் குடித்தால், குடித்த கையோடு மூக்கில் ஏறி ஒரு ஏப்பம் வரும் பாருங்கள், சாப்பிட்ட பிரியாணி எங்கே போனது என்று தெரியாது. அப்படிச் சொல்கிறார்கள். நான் குடித்து வருஷக்கணக்காகிறது.

மதுரைக்குத்தான் போகிறேன். நாளைக் காலையில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமன் பஸ்ஸில் போகிறான், மற்ற எல்லாரும் மத்தியானமே வேனில் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரி வசந்தாவும் அந்த வேனில்தான் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கை வேறு காட்டினாள். வேனில் எனக்கு இடம் இல்லாமல் இல்லை சார். இந்தப் பைக்குத்தான் இடம் இல்லையாம்.

மெதுவாக, மெதுவாக. கால் படுகிறது. உள்ளே இரண்டு பாட்டில் பன்னீர் சோடா. துண்டில் சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒன்று பெண்ணுக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு.

இந்த இரண்டு பாட்டிலுக்காக ஒரு குடும்பமே என்னோடு முறைத்துக்கொண்டு நிற்கிறது என்றால் நம்புவீர்களா? முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள். என் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வெளியாள் ஒருத்தர் சொன்னால் அதில் ஒரு திருப்தி.

பிள்ளையின் பெயர் அபிராமி. என் கலரில் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் நேரே கம்பெனிக்குத்தான் வருவாள். கலர்ப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பன்னீர் குடிப்பாள், ஆரஞ்சு குடிப்பாள், மறுபடியும் பன்னீர் குடிப்பாள். வேண்டாம் என்று ஒரு நாளும் நான் சொன்னது கிடையாது. நல்லாக் கொழுகொழு என்று இருப்பாள். 'எங்க நம்ம பீப்பாயைக் காணோம்?' என்றுதான் கூப்பிடுவேன். பாசம். பஜாரில் நாலு பேர் நடுவில் கூப்பிட்டால்கூட சிரித்துக்கொண்டே வருவாள். பெரியவளான பிறகு பஜார்ப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். பொம்பளைப் பிள்ளை, கூச்சம் இருக்கும் இல்லையா.

படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை பார்த்தோம். வந்தவன் எல்லாம் என் கலரைக் குடித்துவிட்டு, ஏப்பமும் விட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவன்தான். ஒருத்தனுடைய அம்மா வாசலில் நின்று சொன்னாள், 'எங்க வீட்டுக் கட்டில் தாங்காது' என்று. நான் சும்மா விடுவேனா? 'இரும்புக் கட்டிலா வாங்கித் தாரோம்' என்றேன். வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அபிராமி மட்டும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தமாஷைத் தமாஷாக எடுத்துக்கொள்ளத் தெரியாது அவளுக்கு.

அதற்கப்புறம் ரொம்ப நாள் ஊருக்கே வரவில்லை. வேலை, லீவு இல்லை என்றாள். போன பொங்கலுக்கு வந்தாள் சார், எனக்கு அடையாளமே தெரியவில்லை. பாதி ஆள்.

'என்னம்மா, கோயம்புத்தூர்ல சோறு போடுறத நிப்பாட்டிட்டானா?'

'நடக்கேன் மாமா. சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன்.'

நடந்தால் இப்படி இளைக்குமா? நானும்தான் வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடக்கிறேன். சரி என்று ஒரு பன்னீரை உடைத்து நீட்டினேன். கையில் வாங்கினாள், ஈரத்தைத் துடைத்தாள், அப்படியே வசந்தாவிடம் கொடுத்துவிட்டாள். என் கண் முன்னால். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. கோயம்புத்தூர்க் காசு வந்துவிட்டது, மாமன் கலர் இளப்பமாகிவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

அப்புறம் இந்த மதுரை இடம் வந்தது. மாப்பிள்ளைக்கும் கோயம்புத்தூரில்தான் வேலை. ஏற்கெனவே பழக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருக்கட்டும். நல்ல பையன், பெயர் அரவிந்தன். கோவில்பட்டியிலேயே மண்டபம் பிடித்து நிச்சயதார்த்தம்.

இந்த இடத்தில் எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காலங்காலமாக இருக்கிற வழக்கம். தட்டு மாற்றி முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன் தன் கையால் ஒரு கலரை உடைத்துக் கொடுக்க வேண்டும். பெண் அதைச் சபை நடுவில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி பாட்டிலை மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நிச்சயம் நிறைந்தது என்று அர்த்தம்.

எந்தக் காலத்திலிருந்தா? என் தங்கச்சி கோமதியின் நிச்சயதார்த்தத்திலிருந்து. அன்றைக்குப் பாயசம் திரிந்துவிட்டது. அப்பா அவசரத்துக்குக் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகக் கலரை இறக்கினார். எங்கள் மாமா ஒன்றை உடைத்துக் கோமதி கையில் கொடுத்தார். அதிலிருந்து அதுதான் வழக்கம். அதற்கப்புறம் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வந்தது என்றால் அது அபிராமிக்குத்தான். முதல் தடவை நடந்ததை இரண்டாவது தடவையும் செய்தால் அது வழக்கம்தானே சார்?

தட்டு மாற்றியாயிற்று. நான் பாட்டிலோடு எழுந்தேன். உடைத்து நீட்டுகிறேன். வாங்கவில்லை.

'அப்புறம் குடிக்கேன் மாமா.'

சபையில் அப்புறம் என்று ஒன்று உண்டா? 'குடிம்மா, மாமா நிக்கேன்லா' என்றேன்.

'வேண்டாம் மாமா. எனக்கு ஆகாது.'

ஆகாதாம்! 'எங்கப்பா காலத்துல இருந்து, என் கலர் ஆகாதுன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா' என்றேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்க்கிறார்கள். கோமதி ஓடி வந்தாள். என் காதோடு, 'அண்ணே, விட்டுரு. அவளுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு. காஸ் உள்ள போகக் கூடாது. சம்பந்தி வீட்டுல தெரியாது, சத்தம் போட்டுராத' என்றாள்.

காதோடு திடீரென்று இப்படி ஒரு சேதியைச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? 'வயித்துல ஆபரேஷனா?' என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி என்னுடைய சாதாரணம் கொஞ்சம் பெரியது. ரேடியோ செட்காரன் பாட்டையே நிறுத்திவிட்டான்.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்கள். 'கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு வயித்துல என்ன ஆபரேஷன்?' என்று கேட்டார்கள். மெதுவாகத்தான் கேட்டார்கள். ஆனால் மண்டபம் பூராவும் அதையே கேட்ட மாதிரி இருந்தது. பின்னால் நாலைந்து பெண்கள் ஏதோ குசுகுசுவென்று பேசி, விரலை மடக்கி மாதக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கோமதி அழுகிறாள். மச்சான் அந்த அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார். என்னவோ நான் கத்தியை எடுத்துப் பிள்ளை வயிற்றை அறுத்த மாதிரி.

நல்லவேளையாக நான் அங்கே இருந்தேன். நான்தான் சமாளித்தேன். 'ஒண்ணுமில்ல மதினி. உடம்பு குறையணும்னு ஏதோ பண்ணியிருக்கா. வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சந்தேகமே வேண்டாம், இப்ப உங்க கண்ணு முன்னாலயே குடிப்பா பாருங்க' என்றேன்.

அதிலும் ஒரு யோசனையோடுதான் செய்தேன். வயிற்றில் கோளாறு என்றால் நம் பக்கத்தில் என்ன கொடுப்பார்கள்? உப்புப் போட்ட சோடாதானே? பந்தியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வாங்கிவரச் சொல்லிப் பாட்டிலுக்குள் போட்டேன். பொங்கியது. பாதி காஸ் அங்கேயே போய்விட்டது. இவ்வளவு பக்குவம் பார்த்துச் செய்கிறவனைப் போய் விரோதி என்கிறார்கள்.

அபிராமி அந்த அம்மாவைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினாள். மாப்பிள்ளை எழுந்து, 'அபி, வேண்டாம்' என்றார். அவள் கேட்கவில்லை. ஒரே மூச்சு சார். வழக்கப்படி ஒரே மூச்சு. காலி பாட்டிலை அந்த அம்மா கையில் கொடுத்தாள். மண்டபமே கை தட்டியது. முதலில் தட்டியது நான்தான்.

தட்டின கையை எடுக்கவில்லை, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'ஒண்ணுமில்ல, ஏப்பம் வந்தா சரியாயிரும்' என்று முதுகில் தட்டினேன். 'ஏப்பம் விடும்மா, ஏப்பம் விடு' என்று நானும் சொல்கிறேன், சுற்றி நின்றவர்களும் சொல்கிறார்கள். வரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம் நுரை நுரையாக வாந்தி. நிச்சயதார்த்தப் பட்டெல்லாம் வீணாகிவிட்டது. நல்ல பட்டு சார், நான் எடுத்துக் கொடுத்தது.

மாப்பிள்ளை அவளை அப்படியே தூக்கிக் காரில் போட்டார். யாரையும் கேட்கவில்லை. நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். தாய்மாமன் இல்லாமல் எப்படி?

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. 'இவங்களுக்கு யார் சோடா குடுத்தது?' என்று கேட்டார். 'தாய்மாமன்' என்றேன். உறவுமுறையை அவர் கேட்கவில்லை போலிருக்கிறது, முறைத்தார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறாராம்: 'ஐயா, இவங்க வயிறு முன்னாடி ஒரு பெரிய பாட்டில் மாதிரின்னு வச்சுக்குங்க. முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டு, மீதியைத் தைச்சு, ஒரு சின்னக் குழாய் மாதிரி ஆக்கியிருக்காங்க. அதுக்குள்ள அவ்வளவு காஸை ஒரேயடியா அடைச்சா அது எங்க போகும்?'

பாட்டிலைப் பற்றி எனக்கே பாடம்! நான் விடவில்லை. 'அம்மா, பாட்டிலைப் பத்தி நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஒவ்வொரு பாட்டிலையும் தட்டி, சத்தத்தைக் கேட்டுத்தான் காஸ் ஏத்துவேன். லேசா ஒரு கீறல் தெரிஞ்சாலும் அதைத் தூரப் போட்டுருவேன். அது தாங்காதுல்லா? எங்க கம்பெனியில இதுவரைக்கும் ஒரு பாட்டில் வெடிச்சது கிடையாது' என்றேன்.

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டு என்னை வெளியே உட்கார வைக்கச் சொல்லிவிட்டார். பாட்டில் விஷயத்தில் என்னை ஜெயிக்க முடியுமா?

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரிப்ஸ் ஏற்றினார்கள், மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'எனக்கு எல்லாம் தெரியும்மா. என்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சா. ஆபரேஷன் அன்னைக்கு வெளியில உக்காந்திருந்தது நான்தான். உங்ககிட்ட மெதுவா நானே சொல்லணும்னு இருந்தேன்' என்றார். அந்த அம்மா கையில் அப்போதும் என் காலி பாட்டில். எங்கே வைப்பது என்று தெரியாமல் மண்டபத்திலிருந்து பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மகனைப் பார்த்தார்கள், உள்ளே கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்கள், என்னிடம் வந்து, 'இதை நீங்களே வச்சுக்கிடுங்க' என்று பாட்டிலை நீட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன். காலி பாட்டிலை ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது?

இப்போது சொல்லுங்கள். இந்தக் கல்யாணம் உறுதியானது யாரால்? நான் அன்றைக்குச் சபையில் கேட்டிருக்காவிட்டால் மாப்பிள்ளை வாயைத் திறந்திருப்பாரா? மனதில் இருந்ததெல்லாம் வெளியே வந்து எல்லாம் சுத்தமாகிவிட்டது இல்லையா? யாராவது ஒருத்தர், 'அண்ணாச்சி, நல்ல காரியம் செய்தீர்கள்' என்று சொல்ல வேண்டுமே! வசந்தாவுக்குக்கூட ஆபரேஷன் விஷயம் முன்னாலேயே தெரியுமாம். 'என்கிட்ட ஏன் சொல்லல?' என்றேன். 'உங்ககிட்ட சொன்னா பஜார் பூரா தெரிஞ்சுரும்' என்கிறாள். அபாண்டம். பஜாரில் இப்போது எல்லாருக்கும் தெரியும், அது உண்மை. ஆனால் அது நானாகப் போய்ச் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு விளக்கம் கொடுத்தேன்.

பஜார் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. என்ன பேச்சு தெரியுமா அங்கே? 'மாரியப்பன் கலரைக் குடிச்சா நேரே ஆஸ்பத்திரிதான்.' கடைக்காரன் பெட்டியை இறக்கும்போதே சிரிக்கிறான். 'அண்ணாச்சி, இதுல ஆபரேஷன் பண்ணாதவங்க குடிக்கிறது எது?' என்கிறான். அப்பா பெயர் போட்ட பாட்டில் சார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்திரிகை வைக்கக் கோமதியும் மச்சானும் வந்தார்கள். வசந்தா கலர் உடைத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை. தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு கோமதி சொல்கிறாள், 'அண்ணே, மாலை எடுத்துக் குடுக்க நீதான் வரணும். அபியும் அதைத்தான் சொல்லுதா. ஆனா கலர் பாட்டில் மண்டபத்துக்குள்ள வரக் கூடாது. வந்துதுன்னா மாலையை அவ சித்தப்பா எடுத்துக் குடுத்துக்கிடுவாரு.'

தாய்மாமன் உயிரோடு நிற்கும்போது சித்தப்பன் மாலை எடுத்துக் கொடுப்பதா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோமதி என் கூடப் பிறந்தவள், இப்படிப் பேசுகிறாள். தலையை மட்டும் ஆட்டினேன். தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தம் செய்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஏனென்றால் யோசித்துப் பாருங்கள். பஜார்ப் பேச்சு அடங்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருக்கிறது. அதே பிள்ளை, நிறைந்த சபையில், என் கையிலிருந்து என் கலரை வாங்கிக் குடிக்க வேண்டும். முழு பாட்டிலும் வேண்டாம். நான் என்ன அரக்கனா? ஒரு வாய். மாலையை எடுத்துக் கொடுத்த கையோடு, போட்டோக்காரன் எதிரே நிற்கும்போது, ஒரு வாய். ஒரு வாயில் என்ன ஆகிவிடும்?

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான், அபிராமி. நூறு ஆயுசு.

ஆ, சொல்லும்மா... பஸ்லதான் இருக்கேன். சாத்தூர் தாண்டியாச்சு... வந்துருவேன், வந்துருவேன்... இல்லம்மா, கொண்டு வரல. வெறுங்கையோடதான் வாரேன்... எது, அந்தச் சத்தமா? பக்கத்து சீட்டு சார் பாட்டில்மா. அவர் என்னத்தையோ குடிச்சுக்கிட்டு வாராரு... அப்படியா... சரிம்மா... சரி, நீ போய்த் தூங்கு.

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், உங்கள் தலையில் போட்டுவிட்டேன். அவசரத்துக்கு வேறு ஆள் இல்லை.

எதற்குக் கூப்பிட்டாள் தெரியுமா? மண்டபத்துச் சமையல்காரரிடம் சொல்லி எனக்கு மட்டும் தனியாக, மிளகாய் போடாமல் சமைக்கச் சொல்லியிருக்கிறாளாம். பரிமாறுகிறவர்களிடமும், 'எங்க மாமாவுக்கு அல்சர், யாரும் எதையும் எடுத்துக்கிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது' என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். விடிந்தால் கல்யாணம், அத்தனை வேலைக்கு நடுவில் என் வயிற்றை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாள் பாருங்கள். அதுதான் சார் மரியாதை. என் கலரில் வளர்ந்த பிள்ளை என்று சும்மாவா சொன்னேன்?

விருதுநகர் வந்துவிட்டது. பஜ்ஜிக்காரன் ஏறுகிறான். வாங்கிச் சாப்பிடுங்கள், சூடாக இருக்கும். மிளகாய் பஜ்ஜியா? ஆகா, வாசனையே ஆளைத் தூக்குகிறது. எனக்கு வேண்டாம் சார். நீங்கள் சாப்பிடுங்கள். இல்லை, வேண்டாம். அல்சர் என்று சொன்னேனே. பாதியா? பாதியும் ஆகாது. என்ன சார் நீங்கள், கையில் வைத்துத் திணிக்கிறீர்கள்? முதலில் பாட்டிலை நீட்டியபோது ஒரு தடவையோடு விட்டீர்களே, நல்ல மனுஷர் என்று நினைத்தேன். ஒரு கடியா? ஒரு கடியில் என்ன ஆகிவிடும் என்றா கேட்கிறீர்கள்? உங்களுக்கென்ன, கேட்டுவிட்டு மதுரையில் இறங்கிப் போய்விடுவீர்கள். விடிய விடிய எரியப்போவது யாருக்கு? டாக்டர் வேண்டாம் என்று சொன்னதைத் தின்னச் சொல்ல நீங்கள் யார்? வயிறு என்னுடையது சார்!

ஏன் சிரிக்கிறீர்கள்?

வயிற்றுக்கோளாறைப் பார்த்துச் சிரிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். சரி சரி, சாப்பிடுங்கள். அந்தக் காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பையில் இடிக்கிறது. ஆட்டாதீர்கள் சார், உள்ளே முழு காஸ் இருக்கிறது.